கலங்குகிறவர்கள் வேண்டும்

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.”

தண்ணீர் விழும் சத்தம். பிறகு மறுபடியும், இன்னும் கொஞ்சம் கனமாக, “மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.”

“குழாய்க்கு இவ்வளவு மரியாதை யாரும் குடுத்திருக்க மாட்டாங்க,” என்றார் அப்பா, தன் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி.

பஞ்சு சிரிக்கவில்லை. சிரித்தால் கூடவே அழுகையும் வந்துவிடும் போலிருந்தது.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்கும். பக்கத்து வீட்டுப் பூனை நொண்டினால் கலங்கும், யாரோ யாரையோ ரயிலேற்றி அனுப்பினால் கலங்கும். அதனால் அப்பா வைத்த பெயர் பஞ்சு. அம்மாவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் இரும்பு. ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் பதினெட்டு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவள். மறுமுனையில் யார் எப்படி அலறினாலும், விலாசம் வாங்கி, மூச்சு இருக்கிறதா என்று கேட்டு, வண்டியை அனுப்பி, அது போய்ச் சேரும் வரை பேச்சை விடாதவள்.

அந்த இரும்பு, நரை எட்டிப் பார்த்த வயதில், உளவியலும் வணிக நிர்வாகமும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் சேர்ந்ததுதான் இரண்டு வருஷமாகச் சொந்தக்காரர்களின் வெறும் வாய்க்கு அவல்.

“இது பைத்தியத்துக்கு வைத்தியமா, கடை நடத்துற படிப்பா?” என்று பெரியப்பா கேட்டார்.

“கடை நடத்துறவனுக்குப் பைத்தியம் பிடிக்காம இருக்கிறதுக்கான படிப்பு அண்ணே,” என்றார் அப்பா. மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறவர். அனுபவத்தில் சொன்னார்.

படிப்பென்றால் சாதாரணப் படிப்பு இல்லை. காலையில் உளவியல் துறையின் பழைய கட்டடத்தில் ‘மனுஷன் ஏன் இப்படி நடந்துக்கிறான்’ என்று வகுப்பு. மதியம் மைதானத்தைத் தாண்டி, நிர்வாகத் துறையின் கண்ணாடிக் கட்டடத்தில் ‘அதை வச்சு நிறுவனத்தை எப்படி நடத்தலாம்’ என்று வகுப்பு. இரண்டு துறைக்கும் ஒத்துப்போவதே இல்லை. இவர் சரியென்றால் அவர் தப்பென்பார். “ரெண்டு மாமியார் இருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி இருக்கு,” என்று அம்மா முதல் பருவத்தில் புலம்பினாள். புள்ளியியல் பாடத்தில் ஒருமுறை விழுந்தாள். மகள் வயதுப் பிள்ளைகளோடு நூலகத்தில் உட்கார்ந்து மறுபடி எழுந்தாள்.

இன்று கடைசித் தேர்வு. தன் ஆய்வை மேடையில் விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு துறையும் தலையாட்டினால்தான் பட்டம்.

ஆய்வு என்ன என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கட்டுப்பாட்டு அறை வேலையில் யார் நிலைக்கிறார்கள், யார் பாதியில் ஓடுகிறார்கள்? நிறுவனத்தின் இயக்குநரே அனுமதி கொடுத்து, படிப்பு முடிந்ததும் ஆள் தேர்வு, பயிற்சிப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு தருவதாகவும் சொல்லியிருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மெலிந்த மனசுக்காரர்களை வாசலிலேயே வடிகட்டும் ஒரு நல்ல சல்லடை.

அம்மாவுக்குக் கிடைத்த முடிவோ அந்தச் சல்லடையையே கிழித்தது.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதி ஒன்று பஞ்சுவின் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. போன மாதம், யாரிடமும் மூச்சு விடாமல், அவள் அதே நிறுவனத்தில் அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அம்மா பெயரைச் சொல்லி உள்ளே போனதாக யாரும் பேசிவிடக் கூடாது என்று வைராக்கியம். அவர்களுடைய மன உறுதித் தேர்வில் தோற்றும் போனாள். “உங்க மனசு ரொம்ப மெலிசுங்க. இந்த வேலைக்குச் சரிப்பட்டு வராது,” என்று தேர்வு நடத்தியவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மா தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. இயக்குநர். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்னைக்கு நானும் குழுவுல இருக்கேன். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“வெளி ஆட்கள் வருவாங்க. எங்க தேர்வு முறையே தப்புங்கிற மாதிரி போட்டு உடைக்காம, கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. உங்களுக்கும் நல்லது.”

“பார்த்துதான் சார் எழுதியிருக்கேன். எழுதினதைத்தான் பேசுவேன்.”

அம்மா போனை வைத்துவிட்டு நீல நிறக் கோட்டை உதறித் தோளில் மாட்டினாள். பஞ்சு அருகே போய்க் காலரைச் சரிசெய்தாள்.

‘சொல்லிடு,’ என்றது மனசு. ‘இப்பவா?’ என்றது புத்தி. தேர்வுக்குப் போகிறவள் தலையில் கல்லைத் தூக்கிப் போடுவதா? பஞ்சு வாயை மூடிக்கொண்டாள்.

*

கருத்தரங்கு அறை நிறைந்திருந்தது. வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு, கிரிக்கெட் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாரம் அம்மாவை ‘ஆன்ட்டி’ என்றவர்கள், இப்போது ‘தலைவி’ என்கிறார்கள்.

மேடைக்கு எதிரே நீள மேஜை. ஒரு கோடியில் உளவியல் பேராசிரியை, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கண்ணில் குறுகுறுப்பு. மறு கோடியில் நிர்வாகப் பேராசிரியர், பேனாவின் தலையை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பவர். நடுவில் இயக்குநர், கை கட்டியபடி.

அம்மா மேடையேறினாள். “எல்லாருக்கும் வணக்கம்,” என்றாள் சுருக்கமாக. குளியலறை ஒத்திகை குளியலறையோடு போயிற்று.

“கட்டுப்பாட்டு அறையில புதுசா சேர்றவங்கள்ல பாதிப் பேர் வருஷம் திரும்புறதுக்குள்ள போயிடறாங்க. ஒருத்தர் போனா இன்னொருத்தரைப் பழக்கணும். பழகுற வரைக்கும் போன் எடுக்க ஆள் குறையும். அங்க நாற்காலி காலியா இருந்தா, எங்கயோ ஒரு வீட்டுல போன் அடிச்சுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். இது நிர்வாகப் பிரச்சினை. ஏன் போறாங்கங்கிறது மனசோட பிரச்சினை. ரெண்டையும் தனித்தனியா பார்த்தா விடை கிடைக்காதுன்னுதான் நான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.”

பேனா டக் டக் நின்றது.

அம்மா அடுத்தடுத்து விளக்கினாள். மூன்று தொகுதிகளில் வேலைக்குச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேரையும் அவள் பின்தொடர்ந்திருந்தாள். தேர்வில் யார் எவ்வளவு வாங்கினார்கள், கடுமையான அழைப்புக்குப் பிறகு என்ன செய்தார்கள், எத்தனை நாள் நிலைத்தார்கள் என்று திரையில் கோடுகள் ஏறி இறங்கின.

“எதுக்கும் அசையாதவங்கன்னு தேர்வு யாரைத் தூக்கி வச்சுதோ, அவங்கதான் அதிகமா காணாம போனாங்க. கலங்கினவங்க, எழுந்து போய் யார்கிட்டயாவது நாலு வார்த்தை பேசினவங்க, முகம் கழுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தவங்க, அவங்கதான் நிக்கிறாங்க. கலங்குறது குறை இல்ல. கலங்கினதை மறைக்க வேண்டியிருக்கே, அதுதான் குறை. வாசல்ல சல்லடை வைக்கிறதை விட, உள்ள ஒரு சின்ன அறை வைக்கலாம். கடுமையான அழைப்பு முடிஞ்சா பத்து நிமிஷம். பேச ஒரு ஆள். அது போதும்.”

முன்வரிசை கைதட்டத் தயாரானது. அதற்குள் இயக்குநர் கையை உயர்த்தினார்.

“நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கோடு போட்டுக் காட்டுறீங்க. நான் கண்ணால பார்த்திருக்கேன். ஒரு பொண்ணு ஹெட்போனைக் கழட்டி வீசிட்டு ஓடினா. அந்தப் பக்கம் ஒரு குடும்பமே காத்துக்கிட்டு இருந்துச்சு. அதை என்னால மறக்க முடியல. அதுக்கப்புறம்தான் பழைய தேர்வை மாத்தி இவ்வளவு கடுமையாக்கினேன்.”

அவர் குரலில் பொய் இல்லை. பஞ்சுவுக்கே ஒரு கணம் அவர் மேல் இரக்கம் வந்தது. அடுத்த கணம் அது பறந்தது.

“இன்னொரு கேள்வி. உங்க மகள் போன மாசம் எங்க தேர்வுல தோத்துட்டாங்க. விண்ணப்பத்துல வீட்டு விலாசத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மனசு மெலிசுன்னு. இப்ப நீங்க வந்து, மனசு மெலிசானவங்கதான் வேணும்கிறீங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது?”

அப்பா மெதுவாகப் பஞ்சு பக்கம் திரும்பினார். அம்மா மேடையிலிருந்து பார்த்தாள். பஞ்சுவின் முகமே பதில் சொல்லிவிட்டது.

உளவியல் பேராசிரியை முன்னால் சாய்ந்தார். “இந்த ஆய்வுக்கான தகவல் சேகரிப்பு போன பருவத்துலயே முடிஞ்சு என் பொறுப்புல இருக்கு. அதுக்கப்புறம் ஒரு எண்ணைக்கூட மாத்தலை. இதைக் குறிப்புல ஏத்துங்க. அப்புறம், ஒருத்தர் எழுதின மனநலத் தேர்வோட முடிவைச் சபையில சொல்றது...”

“மேடம், ஒரு நிமிஷம்.”

யார் பேசியது என்று பஞ்சு திரும்பிப் பார்க்கப் போனாள். பேசியது அவளேதான். எழுந்து நின்றிருந்தாள்.

“நான்தான் அந்த மகள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லல.” கண்ணில் நீர் திரண்டது. துடைக்கவில்லை. “தேர்வுல ஒரு சின்னப் பையன் பேசுற மாதிரி ஒலிப்பதிவு போட்டாங்க. அப்பா கீழ விழுந்துட்டார், எழுந்திரிக்க மாட்டேங்கிறார்னு. எனக்கு அழுகை வந்துடுச்சு. அழுகையைப் பார்த்ததும் தேர்வு நடத்தினவர் எழுதுறதை நிறுத்திட்டார். அவ்வளவுதான் நடந்துச்சு.”

அம்மா மைக்கிலிருந்து விலகி மேடை விளிம்புக்கு வந்தாள். அந்தக் குரலைப் பஞ்சு இதுவரை கேட்டதில்லை. வீட்டுக் குரல் இல்லை. கட்டுப்பாட்டு அறைக் குரல்.

“விலாசம் வாங்கினியா?”

“வாங்கினேன். அவனுக்குத் தெருப் பேர் தெரியல. பக்கத்துல என்ன கடை இருக்குன்னு கேட்டேன்.”

“மூச்சு இருக்கான்னு கேட்டியா?”

“கேட்டேன். அவனுக்குப் புரியல. நெஞ்சு மேல கை வச்சுப் பார், ஏறி இறங்குதான்னு கேட்டேன்.”

“போனை வச்சியா?”

“இல்ல. அவங்க ஒலிப்பதிவை நிறுத்துற வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தேன்.”

“அப்ப எப்போ அழுத?”

“அழுதுக்கிட்டேதாம்மா கேட்டேன்.”

அம்மா தலையாட்டினாள். ஒரே ஒரு முறை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை புது ஆட்களுக்கு அந்தத் தலையாட்டல் கிடைத்திருக்குமோ, பஞ்சுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அம்மா மைக்குக்குத் திரும்பினாள்.

“சார், இப்ப கேட்டது அம்மா. இனிமே பேசப் போறது ஆய்வு பண்ணினவ. என் மகள் சொன்னதை நான் என் ஆய்வுல சேர்க்க மாட்டேன். அது ஒரு ஆளோட கதை. ஒரு ஆளை வச்சு முடிவு கட்டக் கூடாதுன்னு இங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அதே நியாயம் உங்களுக்கும் உண்டு. நீங்களும் ஓடிப்போன ஒரு பொண்ணை வச்சுத்தான் ஒரு தேர்வையே கட்டியிருக்கீங்க.”

இயக்குநர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“அந்தப் பொண்ணு யாருன்னு நான் பேச மாட்டேன். என்கிட்ட நம்பிப் பேசினவங்க யாரைப் பத்தியும் எங்கேயும் பேச மாட்டேன். ஆனா அவங்க உள்ள வந்தப்ப உங்க பழைய தேர்வு அவங்களை எவ்வளவு உறுதியானவங்கன்னு சொல்லுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். உங்க மனசுக்குள்ளயே ஒருதரம் பார்த்துக்கோங்க.”

இயக்குநர் மேஜையைப் பார்த்தார். கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்து மடியில் விழுந்தன.

நிர்வாகப் பேராசிரியர் பேனாவை மேஜையில் வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை என்று பிள்ளைகள் பின்னால் சத்தியம் செய்தார்கள்.

“எனக்கு ஒரு சந்தேகம்மா. உங்களை அங்க இரும்புன்னு கூப்பிடுவாங்களாமே. அசையாதவங்க நிலைக்க மாட்டாங்கன்னு உங்க ஆய்வு சொல்லுது. அப்ப நீங்க எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சீங்க?”

அம்மா முதல் முறையாகத் தடுமாறினாள். குடிநீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள்.

“நான் இரும்பு இல்ல சார். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல வந்து நிப்பார். ஷிப்ட் முடிஞ்சு நான் பின்னால உட்காருவேன். ஏரிக்கரையில வண்டியை ஓரங்கட்டுவார். எதுவும் கேட்க மாட்டார். நான் அழுது முடிக்கிற வரைக்கும் ஏரியையே பார்த்துக்கிட்டு நிப்பார். அப்புறம் வீட்டுக்குப் போவோம். எனக்குன்னு ஒரு அறை இருந்துச்சு. அதுக்கு ரெண்டு சக்கரம் இருந்துச்சு. என்னோட வேலைக்குச் சேர்ந்த நிறையப் பேருக்கு அது இல்ல. அதான் வித்தியாசம். வேற எதுவும் இல்ல.”

பஞ்சு அப்பாவைப் பார்த்தாள். ஊரெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷன், தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எதிரே எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா தாமதமாக வந்த நாளெல்லாம் ‘வண்டி பஞ்சர்’ என்று இவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை பஞ்சர் எந்த வண்டிக்கு ஆகும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும்.

*

குழு கதவைச் சாத்திக்கொண்டு கலந்து பேசியது. பிறகு அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். தாழ்வாரத்தில் அப்பாவும் மகளும் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றார் அப்பா.

“நீங்க ஏரிக்கரையைச் சொன்னீங்களா?”

அப்பா யோசித்தார். “சரி, கணக்கு நேர்,” என்று அவள் தலையில் செல்லமாகக் குட்டினார்.

கதவு திறந்தது. உளவியல் பேராசிரியை முதலில் வந்தார். “ரெண்டு துறையும் சிறப்புத் தகுதி குடுத்திருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே விஷயத்துக்கு ஒத்துக்கிட்டது இதுதான் முதல் தடவை. அதுக்கே உங்க அம்மாவுக்குத் தனிப் பட்டம் குடுக்கணும்.”

அம்மா பின்னாலேயே வந்தாள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருவன் “தலைவி!” என்று கத்த, காவலாளி உஷ் என்று அதட்ட, அம்மா அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பஞ்சுவிடம் வந்தாள். மகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்தாள். அம்மாவின் கன்னத்தில் நீர் ஓடியது. எல்லார் முன்னாலும். துடைக்கவில்லை.

“பக்கத்துல என்ன கடைன்னு கேட்டியாக்கும்?” என்றாள் கடைசியில். “அது எனக்கே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தோணுச்சுடி.”

இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் எந்தத் தேர்வு என்ன சொன்னால் என்ன?

அப்போதுதான் இயக்குநர் அறையிலிருந்து வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். வாழ்த்தா, வருத்தமா என்று பிடிபடவில்லை. தாண்டிப் போனவர், படிக்கட்டு வரை போய்த் திரும்பினார்.

“திங்கட்கிழமை காலையில என் அறைக்கு வந்து பார்க்க முடியுமா?”

“பொறுப்பு விஷயமா சார்? காலையில வேற இடத்துக்குப் போகணும், மதியம் வரலாமா?” என்றாள் அம்மா.

“நீங்க இல்ல. அவங்க.” பஞ்சுவைக் காட்டினார். “தனியா வரட்டும்.”

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

“வேலை குடுக்கவா, வாயை அடைக்கவா?” என்றார் அப்பா.

“எதுக்கா இருந்தாலும் போறேன்ப்பா,” என்றாள் பஞ்சு. குரல் கம்மியது, ஆனால் உடையவில்லை. “அழுகை வந்தா அழுதுக்கிட்டே பேசுவேன். அம்மா, நீ மட்டும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது.”

“நான் எதுக்கு வந்து நிக்கணும்? திங்கட்கிழமை எனக்கு வேற இடத்துல ஆஜர்.”

“எங்க?”

அம்மா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பேராசிரியர்களும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள கூப்பிட்டுச் சிறப்புத் தகுதியை மட்டுமா சொன்னாங்க? ரெண்டு மாமியாரும் சேர்ந்து இங்கயே பாடம் எடுக்க வரச் சொல்றாங்க,” என்று முனகியபடி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இருவருக்கும் முன்னால் விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தாள்.